துவாய்க்குள் பத்தரை

அந்தத் திருகாணியைத் திருப்பினவன் மனிசனே இல்லை, தம்பி. ஒரு பொம்பிளைப் பிள்ளையின் முழங்காலோடு விளையாடியிருக்கிறான். விளையாடிவிட்டு இப்போது மேலே எங்கேயாவது கணப்புக்குப் பக்கத்தில் இருந்து, மீசையில் பால்நுரை பட, கோப்பி குடித்துக்கொண்டிருப்பான். குடிக்கட்டும். ஆர் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இந்த நாட்டில் அடுத்த நாளே பதிவுத் தபாலில் கடிதம் வரும். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவும் மாட்டேன். நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கதைக்கிறேன்.

பலகை காலில் இடிக்கிறதோ? கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி இருங்கோ. ஓம், ஸ்கீதான். நான் பலகை என்றுதான் சொல்லுவேன், பதினொரு வருசமாக அப்படித்தான் சொல்லுகிறேன், இதுவரைக்கும் ஒரு பலகையும் கோபித்தது கிடையாது. இதன் சோடியை பஸ்ஸுக்குப் பின்னால் கொழுவியிருக்கிறேன். இது வலதுகால் பலகை, இதை வெளியே விடமாட்டேன். சாரதி, "ஸ்கீ எல்லாம் வெளியிலதான் வைக்கவேணும்" என்றான். "இது ஸ்கீ இல்லை, தடயம்" என்றேன். முழிசினான். கையில் ஒரு மீன் ரோல்ஸை வைத்தேன், விட்டுவிட்டான். நீங்களும் ஒன்று எடுங்கோ. எடுங்கோ எண்டுறன்! இன்றைக்கு இந்த பஸ்ஸில் ஒருத்தரும் வெறும் வயிற்றோடு இறங்கக்கூடாது. முன்னுக்கு இருக்கிற இரண்டு சுவிஸ் கிழவிகளும் ஆளுக்கு இரண்டு முடித்துவிட்டார்கள். உறைப்பில் மூக்கைச் சிந்திச் சிந்திச் சிரிக்கிறார்கள், பாருங்கோ.

ஏன் என்றால், என் மகள் மூன்றாவது!

மூன்றாவது, தம்பி! அறுபத்திநாலு பெட்டைகள். தாய் வயிற்றில் இருந்து ஸ்கீயோடு விழுந்த பெட்டைகள். அதற்குள்ளே நவரத்தினத்தின் மகள் ஆரபி, பத்தொன்பது வயது, ஒன்றரை முழங்காலோடு மூன்றாவது! ஒலிபெருக்கியில் அந்த மனிசன் "ஆறாபீ நாவாறாட்டினாம்" என்று எங்கள் பரம்பரையையே மாவாட்டினான். ஆட்டட்டும். எனக்குத் தேன் மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரன் மாட்டுமணி ஒன்று வைத்திருந்தான், இங்கே பந்தயம் என்றால் மாட்டுமணி அடித்து "ஹொப், ஹொப்" என்று கத்துவார்கள். அந்த மணியைப் பறித்து நான் ஆடின ஆட்டத்தில் என் தொப்பி எங்கே போனது என்று இன்னும் தெரியாது. 

நீங்கள் லண்டனோ? நினைத்தேன். சப்பாத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஓட்டச் சப்பாத்தோடு பனி பார்க்க வந்திருக்கிறியள்.

ஆனால் கேளுங்கோ. மூன்றாவதாக வந்தும் அந்த இடம் இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. முதல் மூன்று பேருக்குத்தான் வட்டார அணியில் இடம். கோடை முழுக்கப் பனியாற்றில் பயிற்சி, பிறகு பெரிய பந்தயங்கள். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. படிவத்தில் பயிற்சியாளன் கையெழுத்து வைக்கவேணும், இன்றைக்கு, ஐந்து மணிக்குள். கையெழுத்து வைக்கவேண்டிய மனிசன் வைக்கமாட்டேன் என்று நிற்கிறான். இப்போது மணி மூன்றேகால். எல்லாம் அந்தத் திருகாணியால். இதை நான் ஆருக்காவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும், நீங்கள்தான் பக்கத்தில் அகப்பட்டீர்கள்.

கிட்டத்தட்ட நாலு கிழமைக்கு முன்னம் பயிற்சியில் விழுந்தாள். வலது முழங்காலின் உள்பக்கச் சவ்வு பாதி கிழிந்துவிட்டது. டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு கிழமை" என்றார்.

"மூண்டு" என்றேன் நான்.

"ஹெர் நவரத்தினம், இது சந்தை இல்லை."

"சரி, உங்கட முகத்துக்காக மூண்டரை."

டொக்டர் ஆரபியைப் பார்த்து, "உங்கள் அப்பா எப்போதும் இப்படித்தானா?" என்று கேட்டார். "இல்லை, ஆஸ்பத்திரி எண்டபடியால் இண்டைக்குக் கொஞ்சம் அடக்கம்" என்றாள் அவள்.

என்ன செய்வது, தம்பி? நான் படித்த பள்ளிக்கூடம் அது. பதினாலு வயதில் பள்ளியை விட்டு மாட்டுத் தரகரோடு கயிறு பிடிக்கப் போனவன். அடி வாங்கினேன், ஏமாந்தேன், ஒருமுறை கிடாரி என்று சொல்லிக் கிழட்டு மாட்டை என் தலையில் கட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருத்தனும் என்னை ஏமாற்றினது இல்லை. இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவினேன், பிறகு கூர் நகரச் சந்தையில் சாப்பாட்டு வண்டி போட்டேன். கொத்துரொட்டி, ரோல்ஸ். இருபத்திரண்டு வருசம். ஊரின் பெயரே கூர், பாருங்கோ. மகள் பலகையின் ஓரத்துக்கு அரம் போட்டுக் கூர் தீட்டும்போது நான் சொல்லுவேன், "கூரில பிறந்த பிள்ளைக்குக் கூர் தீட்டக் காட்டித்தர வேணுமோ" என்று. அவள் சிரிப்பதில்லை. எத்தனையோ தரம் கேட்டுவிட்டாளாம்.

மூன்று கிழமை முடிய அதே டொக்டர் முழங்காலை மடக்கினார், திருப்பினார், அமத்தினார். கடைசியில், "நான் ஓட விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. ஆனால் இன்னொருமுறை முறுகினால் கத்திதான். ஒரு வருசம் போகும். அதற்குப் பிறகும் பழையபடி வருமோ, சொல்லமாட்டேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் என் மனிசி சறோ சட்டம் போட்டாள். "என்ர சாப்பாட்டு மேசையில பந்தயம், முழங்கால், பலகை எண்டு ஒரு சொல்லு விழக்கூடாது. விழுந்தால் நான் எழும்பி லண்டனுக்கு அக்காவிட்டைப் போயிடுவன்." லண்டனில் எங்கே என்று கேட்காதையுங்கோ, நான் கேட்டதே இல்லை, கேட்டால் போய்விடுவாள்.

ஆனால் முடிவெடுக்க வேண்டிய விசயம் இரண்டு இருந்தது. ஒன்று, எந்தச் சோடி. கழகம் கொடுத்த புதுச் சோடி ஒன்று, இரும்பு மாதிரி விறைப்பு. மற்றது நான் பிடித்துக்கொடுத்த பழைய சோடி, ஓட்டத்தை விட்ட ஒரு பெட்டையின் பலகை. அவளின் தகப்பன் விலை சொன்னான். நான் பலகையை நிமிர்த்தி வைத்து, பலாப்பழத்துக்குத் தட்டுகிற மாதிரித் தட்டிப் பார்த்தேன். "என்ன செய்கிறீர்கள்?" என்றான். "பழுத்திட்டுது" என்றேன். கடைசியில் அவனுடைய மற்ற மகளின் கலியாணத்துக்கு முந்நூறு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆரபிக்கு வெட்கம். இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை. முழங்கால் போன பிறகுதான் தொட்டாள். "இது கொஞ்சம் இளகின பலகை, அப்பா. பிழை விட்டாலும் மன்னிக்கும்" என்றாள். முந்நூறு ரோல்ஸ், தம்பி! மன்னிக்கிற பலகை!

இரண்டாவது விசயம்தான் எண். இங்கே பாருங்கோ, சப்பாத்தின் குதி வந்து பூட்டுகிற இந்தக் கட்டு. இதற்குள் ஒரு வில் இருக்கிறது. இந்தத் திருகாணியைத் திருப்பினால் வில் இறுகும், தளரும். இந்தச் சின்ன யன்னலுக்குள் எண் தெரியும். சின்ன எண் என்றால் கோபக்கார மாப்பிள்ளை மாதிரி, ஒரு சொல்லுக்கு விட்டுவிட்டுப் போய்விடும். விழுந்தால் பலகை கழன்று போகும், முழங்கால் தப்பும். பெரிய எண் என்றால் அட்டை மாதிரி, விடாது. விழுந்தால் பலகையோடு சேர்த்துக் காலையும் முறுக்கும். அப்போ சின்ன எண் நல்லதுதானே என்று நினைப்பியள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எண் சின்னதாக இருந்தால் விழாமலே, சும்மா ஒரு குலுக்கலுக்கும் கழன்றுவிடும். ஒற்றைப் பலகையோடு கீழே போனால் ஆர் நேரம் எடுப்பான்? பந்தயம் முடிந்தது.

நல்ல காலில் அவள் வைக்கிறது பதினாலு.

மேசையில் கதைக்க ஏலாது. சறோ புட்டு அவித்து வைத்துவிட்டு, பொலிஸ்காரி மாதிரி நடுவில் இருக்கிறாள். என்ன செய்தோம் தெரியுமோ? மாட்டுத் தரகர் துவாயை இரண்டு கைக்கும் மேலே போட்டு, உள்ளுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள், கண்டிருக்கிறியளோ? சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகம் கல்லு மாதிரி இருக்கும், விரல்தான் கதைக்கும். ஆரபி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் இதை ஒரு விளையாட்டாக விளையாடுவோம், மிட்டாய்க்கு. அன்றைக்கு அவள் கை துடைக்கிற துவாயை மெல்ல என் கைமேல் போட்டாள். உள்ளுக்குள் என் கையைப் பிடித்தாள். ஒரு கை முழுக்க அமத்தினால் ஐந்து. இரண்டுமுறை அமத்தினாள், பத்து. பிறகு நாலு விரல். பதினாலு.

நான் ஆறு பிடித்தேன்.

"சம்பல் போடட்டே?" என்றாள் சறோ.

"போடு" என்றேன். உள்ளுக்குள் பதின்மூன்று வந்தது. நான் ஏழு. அவள் கையை உதறிவிட்டாள். அது தரகில் பெரிய பேச்சு, தம்பி, கையை உதறினால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறேன் என்று கருத்து. நான் பயந்து எட்டு என்றேன். அவள் பன்னிரண்டு. நான் ஒன்பது. அவள் என் மோதிர விரலை நசுக்கினாள், அது ஒரு எண்ணும் இல்லை, சும்மா கோபம். கடைசியில் பத்து பிடித்து, சுண்டுவிரலின் நடுக்கணுவைத் தொட்டாள். பத்தரை. நான் அவள் கையை ஒருமுறை குலுக்கினேன். முடிந்தது.

"ஏன் ரெண்டு பேருக்கும் வேர்க்குது?" என்றாள் சறோ.

"உறைப்பு" என்றோம் இரண்டு பேரும்.

துவாய்க்குள் பிடித்ததை மாற்றுகிறவன் தரகனே இல்லை. இது சட்டம். இதற்காக ஊரில் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. அடுத்த நாள் பயிற்சியாளன் ரேட்டோவிடம் சொன்னோம். அவன் பாறை மாதிரி ஒரு மனிசன், நாளுக்குப் பத்துச் சொல்லுக்கு மேலே பேசமாட்டான். கொஞ்சம் யோசித்து, "பத்தரை, சரி" என்றான். அவன் கையாலேயே திருகாணியைத் திருப்பி, எண்ணைப் பார்த்து வைத்தான்.

இனி இன்றைக்கு வாறேன்.

காலமை ஒரு ஓட்டம், மத்தியானம் ஒரு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். காலமை ஐந்தாவதாக வந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. கீழே வந்து நின்றவுடன் அவள் குனிந்தாள். சப்பாத்தைச் சரி பண்ணுகிற மாதிரித்தான் குனிந்தாள், ஆனால் கையுறையால் கண்ணைத் துடைத்தாள். அதை நான் மட்டும்தான் கண்டேன். பக்கத்தில் போனேன். "நோகுதோ குஞ்சு?" "பனி பட்டுட்டுது, அப்பா." பனி! என்னிடமே கிடாரிக் கதை விடுகிறாள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னம் புதுப் பாதையைப் பார்த்து மனப்பாடம் பண்ண விடுவார்கள். அவளும் ரேட்டோவும் வேறு பலகையில் போய்விட்டார்கள். பந்தயப் பலகை இரண்டும் தாங்கியில் சாத்தியிருந்தது. "அப்பா, இதுக்குப் பக்கத்திலயே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நின்றேன். நாற்பது நிமிசம். இமை வெட்டவில்லை. ஒரு குஞ்சு குருமான் கிட்ட வரவில்லை, தம்பி. ஒரு நாய் வந்தது, அதையும் கலைத்தேன்.

அந்த நேரத்தில் நான் செய்தது ஒரு சின்ன வேலை.

மாற்றினேன் என்று சொல்லாதையுங்கோ. அது வேறு, இது வேறு. அவள் கண்ணைத் துடைத்ததை நீங்கள் காணவில்லை. பெற்றவனுக்கு ஒரு உரிமை இருக்கிறது. வண்டிச் சாமானோடு எப்போதும் ஒரு திருப்புளி என் சட்டைப்பையில் கிடக்கும், இந்தா, இதுதான். யன்னலில் பனி மூடியிருந்தது, மூக்குக்கண்ணாடி வண்டியில், எண் தெரியவில்லை. தெரியத் தேவையுமில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு எண். பத்தரையை எட்டாக்கவேணும், இரண்டரைச் சுற்று. இருபத்திரண்டு வருசம் காஸ் சிலிண்டர் கழற்றின கை இது. நூற்றுக்கணக்கில் கழற்றியிருக்கிறேன், இருட்டிலும் மழையிலும். கையே பார்த்துக்கொள்ளும். வலப்பக்கம், இரண்டரைச் சுற்று, தளர்த்திவிட்டேன். எட்டு. விழுந்தால் கழன்று போகட்டும், பந்தயம் போனால் போகட்டும், கால் இருக்கட்டும் என்று நினைத்தேன். வைரவரே என்று திருப்புளியைப் பையில் போட்டேன்.

சிரிக்கிறியளோ? சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது ஓட்டம். கீழே இருந்து பெரிய திரையில் பார்க்கிறேன். மேலே நல்லாய்த்தான் வந்தாள். இளகின பலகை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வந்தது. பாதை நெடுக நட்டிருக்கிற கொடிகளைச் சுற்றிச் சுற்றித்தான் இறங்கவேணும், இது கடைசிக்கு மூன்றாவது கொடி. முன்னுக்கு ஓடின எல்லாரும் அந்த இடத்தில் பனியைக் கிண்டி வாய்க்கால் மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதற்குள் வலது பலகை விழுந்து எழும்பினது பாருங்கோ ஒரு துள்ளல்! டமார்! இடதுகால் அந்தரத்தில். இடுப்புப் பனியில் தேய்கிறது. முழுப் பாரமும் அந்த முழங்காலில். நான் கண்ணை மூடிவிட்டேன். கழன்றிருக்கும், எட்டில் வைத்த கட்டு, கட்டாயம் கழன்றிருக்கும், முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தவுடன் எனக்கு ஒரு நிம்மதி, தம்பி. பொய் சொல்லமாட்டேன். நிம்மதி.

மாட்டுமணிகள் எல்லாம் ஒரேயடியாக அடித்தது. கண்ணைத் திறந்தேன். கழலவில்லை! அட்டை மாதிரிக் கிடந்தது! அவள் எழும்பிவிட்டாள், எழும்பி மிச்ச இரண்டு கொடியையும் வெட்டிக் கோட்டைத் தாண்டிவிட்டாள். நூறில் ஏழு பங்கு செக்கன், தம்பி! நாலாவதாக வந்த பெட்டைக்கும் என் பெட்டைக்கும் நடுவில் நூறில் ஏழு பங்கு! நீங்கள் ஒருமுறை கண்ணை வெட்டினால் அதில் மூன்று பெட்டைகள் ஓடிப் போய்விடுவார்கள். மூன்றாவது! முழங்கால்? அந்த இடத்திலேயே குந்தி எழும்பிக் காட்டினாள். "நோகேல்லை அப்பா, உண்மையா நோகேல்லை!" என்று சிரித்துக்கொண்டு அழுகிறாள். சறோவுக்குப் போன் எடுத்தேன். "ஐயோ கடவுளே" என்று ஒன்று, பிறகு விம்மல், பிறகு, "முதலாவதாக வந்தது ஆர்?" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

அந்தச் சந்தோசத்தில் ரேட்டோ வந்தான். பலகையைத் தூக்கினான். கட்டின் பனியைக் கையுறையால் துடைத்தான். பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"பதின்மூன்று" என்றான். "இதை ஆர் செய்தது?"

பதின்மூன்று! நான் எட்டில் வைத்த கட்டு பதின்மூன்றில் நிற்கிறது! என் தலைக்குள் கணக்கு மின்னல் மாதிரி ஓடியது. எவனோ ஒருத்தன் ஐந்து ஏற்றியிருக்கிறான்! அரை இல்லை, ஒன்று இல்லை, ஐந்து! அந்த வாய்க்காலில் அவள் சரிந்து விழுந்திருந்தால்? பதின்மூன்றில் கட்டு விடுமோ? கால் என்னவாகியிருக்கும்? திருகாணியில் கை வைக்கிறவன் அந்த இடத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். நான் ரேட்டோவின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"நீதானடா! உனக்கு வெற்றி வேணும்! என்ர பிள்ளையின்ர காலை வைச்சு நீ சூது விளையாடினனீ!" ஜெர்மனில் தொடங்கினேன், நடுவில் தமிழுக்கு வந்துவிட்டது, கெட்ட சொல்லுக்கு எனக்கு ஜெர்மன் காணாது. அறுபத்திநாலு பெட்டைகள், அவர்களின் தாய் தகப்பன், மாட்டுமணிக்காரன், எல்லாரும் பார்க்கிறார்கள்.

அவன் என் கையைத் தட்டவும் இல்லை. மெதுவாகச் சொன்னான். இந்த மனிசன் இவ்வளவு சொல் சேர்த்துப் பேசினதை நான் முதல்முறை கேட்டேன். "அவளுடைய முழங்காலை வைத்து நான் சூதாடுவேன் என்று அவளுடைய தகப்பன் நம்பினால், அவளுக்காக நான் கையெழுத்து வைக்க ஏலாது. திருப்பினவன் என்முன்னால் வந்து நான்தான் என்று சொல்லட்டும். சொன்னால் வைப்பேன். ஐந்து மணிவரைக்கும் பந்தய அலுவலகத்தில் இருப்பேன்." சொல்லிவிட்டு நடந்துவிட்டான்.

ஆரபி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பதினொரு வருசம், அப்பா. பதினொரு வருசமா அந்த மனிசன்ர கையைப் பிடிச்சுத்தான் நான் எழும்பினனான். அவர் இல்லாமல் நான் எந்த அணிக்கும் போகமாட்டன். நீங்கள் பலகையைக் கொண்டு வீட்டை போங்கோ." போங்கோ என்றாள். நில்லுங்கோ என்று சொல்லவில்லை. அதுதான் இந்த பஸ்.

இப்போ சொல்லுங்கோ. கோபம் வருமோ வராதோ? சந்தோசத்தில் நான் பறக்கவேண்டிய நாள், தம்பி. பறந்துகொண்டும் இருக்கிறேன்! ஆனால் ஒரு கால் எரிகிறது. எவனோ ஒரு கோழை திருப்பிவிட்டு ஒளிந்துகொண்டிருக்கிறான், என் பிள்ளையின் கோடை போகப்போகிறது.

என்ன? எந்தப் பக்கம் திருப்பினேன் என்றோ? சொன்னேனே, வலப்பக்கம். தளர்த்த வலம், இறுக்க இடம். என்ன தலையை ஆட்டுகிறியள்? லண்டனில் காஸ் சிலிண்டர் இல்லையோ? இந்தா, பலகை இங்கேதான் இருக்கிறது, திருப்புளியும் இருக்கிறது. பனியும் உருகிவிட்டது. உங்கட கண்ணுக்கு முன்னால் செய்து காட்டுறேன். உங்கட மூக்குக்கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ. நல்லது. பார்த்துக்கொண்டு இருங்கோ. இப்போ பதின்மூன்றில் நிற்கிறது, சரியோ? வலப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பினால் பன்னிரண்டுக்கு இறங்கவேணும். இந்தா. திருப்புறேன். இறங்குது பாருங்கோ, இறங்கு...

பொறுங்கோ.

பதினாலு எண்டெல்லோ காட்டுது. இந்தக் கண்ணாடி உங்களுக்கு எந்த அளவு? கிட்டப் பார்வையோ, தூரப் பார்வையோ?

பொறுங்கோ, பழையபடி இடப்பக்கம் ஒரு சுற்று. பதின்மூன்று. இன்னும் ஒரு சுற்று இடம். பன்னிரண்டு. இன்னும் ஒன்று. பதினொன்று. அரை.

பத்தரை.

ஓ.

காஸுக்கு மட்டும்தான் மறுவளமோ? மற்றது எல்லாத்துக்கும் வலம் இறுக்கமோ? போத்தல் மூடிக்கும் அப்படியோ? காட்டவேண்டாம், காட்டவேண்டாம், போத்தலை உள்ளுக்கு வையுங்கோ. விளங்குது.

அப்போ எட்டில் நின்றிருந்தால் அந்த வாய்க்காலில் கழன்றிருக்கும். அறுபத்திநாலாவது. பத்தரையில்? அதுவும் கழன்றுதான் இருக்கும், அப்படி ஒரு துள்ளல் அது. அவள் கேட்டதே பதின்மூன்று, பதினாலு. அவள் கேட்டதை எவனோ ஒரு விசரன் அவளுக்கே தெரியாமல்... ஐயோ, சிரிக்காதையுங்கோ, எனக்கும் வருகிறது. அந்தக் கிழவிகளும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன விளங்கினதாம்? இருங்கோ, ஒரு மூச்சு எடுக்கிறேன். வயிறு நோகுது. கண்ணெல்லாம் தண்ணி.

இது பகிடி இல்லை, தம்பி. அவள் விழுந்திருந்தால்? பதின்மூன்றில் விழுந்திருந்தால்? கத்தி என்றார் டொக்டர். அந்த மனிசனைச் சட்டையில் பிடித்தது எத்தனை பேர் பார்த்தார்கள். அவன் என் கையைத் தட்டக்கூட இல்லை.

நான் இப்போதும் சொல்லுறேன், சத்தமாகவே சொல்லுறேன். திருப்பினவன் ஒளிந்திருந்தது காணும். ஆராக இருந்தால் என்ன, எத்தனை வருசம் சிலிண்டர் கழற்றியிருந்தால் என்ன, என்ன நல்ல எண்ணத்தில் செய்திருந்தால் என்ன. சாட்டுச் சொல்லக்கூடாது. பனி மூடியிருந்தது, கண்ணாடி வண்டியில் கிடந்தது என்று ஒரு கதையும் விடக்கூடாது. மேலே போகிற பஸ் மூன்றரைக்கு, இந்தக் கீழ்த் தரிப்பில் நிற்கும். அதில் ஏறவேணும். நாலு மணிக்கெல்லாம் மலையில் போய் நிற்பான். அலுவலகக் கதவைத் தட்டி, எத்தனை பேர் முன்னால் கத்தினானோ அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்து, ஜெர்மன் காணாவிட்டால் தமிழில் என்றாலும், நான்தான் என்று சொல்லவேணும். பிள்ளையிடமும் சொல்லவேணும், அதுதான் அவனுக்குக் கஷ்டம். பிறகு கையெழுத்து விழும்வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேணும். இதைச் செய்யாவிட்டால் அவன் தகப்பன்... அவன் மனிசன் இல்லை.

ரோல்ஸ் பெட்டியை நீங்களே வைத்திருங்கோ, பலகையின் அந்த நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ. அந்தா தரிப்பு தெரியுது. என் கைக்கு எட்டுது இல்லை, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சிவப்பு மணியை அமத்துங்கோ. கெதியாய் அமத்துங்கோ, தம்பி. அவன் இறங்கவேணும்.